வரைபடத்தில் அது ஒரு கோடு

வானூர்திப் பொறியியல் துறைகளில் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும் வடிவமைப்புத் திட்ட அறிக்கைகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். இறக்கையின் குறுக்குவெட்டை ஏன் தேர்ந்தோம் என்பதற்குப் பல பக்கங்கள் இருக்கும். கணினிவழிப் பாய்ம ஆய்வின் வண்ணப் படங்கள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எடைக் கணக்கு, நிலைப்புக் கணக்கு எல்லாம் உண்டு. எரிபொருள் அமைப்பு என்ற தலைப்பின் கீழ் மட்டும் அரைப் பக்கம். அதில் ஒரு பெட்டி. அதனுள் 'கலன்' என்ற சொல். இன்னொரு பெட்டி, அதனுள் 'எஞ்சின்' என்ற சொல். இரண்டையும் இணைத்து ஒரு கோடு. நடுவே ஒரு சிறு சாய்சதுரம், அதுதான் வடிகட்டியாம். அந்தக் கோட்டுக்கு உள்விட்டம் கிடையாது, வளைவு கிடையாது, எப்பொருளால் ஆனது என்பது கிடையாது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதும் கிடையாது. அறிக்கைக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்துவிடும்.

இதை வெறும் கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. இதன் பின்னால் அறிவுலகில் நாம் பேணிவரும் ஒரு சாதிமுறை இருக்கிறது. சமன்பாடு எழுதும் கை உயர்ந்தது, குழாய் பொருத்தும் கை தாழ்ந்தது என்பதே அது. அண்மையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டத்தில் முதுநிலை மாணவி ஒருவர் ஒரு முன்மொழிவை வைத்தார். தன்னாக்க வானூர்திகளில் (வீட்டிலும் கொட்டகையிலும் தனிநபர்கள் தாமே கட்டும் சிறு வானூர்திகளை அவ்வாறு அழைக்கிறேன்) பயன்படும் எரிபொருள் குழாய்களையும் வடிகட்டிகளையும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறவைத்து, அழுத்த இழப்பு எவ்வாறு மாறுகிறது என்று அளக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். குழுவிலிருந்து வந்த மறுமொழி ஒரே வரி: "இது மெக்கானிக் வேலை, ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?" அறையில் சிலர் சிரித்தனர். முன்மொழிவு திருப்பி அனுப்பப்பட்டது. ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்ற அந்தக் கேள்வியை நான் நேர்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பம்ப் ஏதுமின்றி, உயரத்திலுள்ள கலனிலிருந்து புவியீர்ப்பால் மட்டுமே எரிபொருள் இறங்கும் ஒரு சிறு வானூர்தியை எண்ணிக்கொள்ளுங்கள். கலனில் எரிபொருள் மட்டம் கார்புரேட்டருக்கு அரை மீட்டர் மேலே இருக்கிறது. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 0.72 கிலோகிராம் என்று கொண்டால், எரிபொருளைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 3.5 கிலோபாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாத அளவு. இப்போது வானூர்தி மேலெழும்பி 15 பாகை மூக்கை உயர்த்துகிறது. கலன் கார்புரேட்டருக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் இருக்குமானால், கிடைத்த அரை மீட்டர் உயரம் 28 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அழுத்தம் 1.9 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். எஞ்சின் மிகுதியாகக் குடிக்கும் அதே நொடியில்தான் அதற்கு ஊட்டும் கை தளர்கிறது.

இனி அந்தக் 'கோட்டுக்கு' வருவோம். சிறு வானூர்திகளில் பொதுவாக வெளிவிட்டம் 3/8 அங்குலமுள்ள அலுமினியக் குழாயைப் பயன்படுத்துவர். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர். கட்டுபவர் ஒருவர் எடையைக் குறைக்கலாம், வளைப்பதும் எளிது என்று எண்ணி 1/4 அங்குலக் குழாயை இடுகிறார். அதே சுவர்க்கனத்தில் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பாய்வு சீராக இருக்கும் நிலையில் அழுத்த இழப்பு விட்டத்தின் நான்காம் படிக்குத் தலைகீழாக மாறும் என்பதை நாம் இரண்டாம் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். எட்டு மடங்கு இழப்பு. குறுகிய குழாயில் வேகம் கூடி ஓட்டம் கொந்தளிப்பாகும்போது அது எட்டோடும் நிற்பதில்லை. புறப்படும் நேரத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு, அத்தகைய குழாய் 2 மீட்டர் நீளம் இருந்தால், இழப்பு மட்டும் ஏறத்தாழ 1.4 கிலோபாஸ்கல். கையிருப்பு 1.9. எஞ்சிய அரை கிலோபாஸ்கலில் ஒரு வால்வு, சில முழங்கை வளைவுகள், ஒரு வடிகட்டி, கார்புரேட்டரின் ஊசித்துளை ஆகிய அனைத்தும் தத்தம் பங்கைக் கேட்டு வரிசையில் நிற்கின்றன. தரையில் எஞ்சின் அருமையாக ஓடும். ஓடுபாதையிலும் ஓடும். மரங்களின் உச்சியைத் தாண்டிய பின் இருமத் தொடங்கும்.

மேற்கண்ட கணக்குக்குத் தேவையான அனைத்தும் நம் பாடநூல்களில் இருக்கின்றன. இருந்தும் நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் ஒன்றில்கூட அது செய்யப்பட்டிருக்கவில்லை. இறக்கை நுனியின் சுழலைக் கணிப்பதற்கு மூன்று நாள் கணினியை ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடக் கணக்கைப் போடத் தோன்றவில்லை என்றால், அவர்களுக்கு அறிவு குறைவு என்பது காரணமன்று. அது கணக்குப் போடத் தக்க பொருள் என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தன்னாக்க வானூர்தி என்பது இந்தியச் சூழலில் அரிய பொருள். அதற்காக ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். அரியதுதான். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தம் அடுக்கக மொட்டைமாடியில் ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டி, 2017-இல் அதற்குப் பதிவு பெற நேர்ந்த நெடும் போராட்டத்தை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1953-இல் பால் பொபரெஸ்னி தொடங்கிய அமைப்பு ஒன்று இன்று ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் மாபெரும் விழா எடுக்கும் அளவுக்கு இந்த மரபு வேரூன்றியிருக்கிறது. ஆகவே அங்கே தரவும் உண்டு. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் தன்னாக்க வானூர்திகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பொது வானூர்தித் தொகையில் இவை ஏறத்தாழ 10 விழுக்காடு. 2011-இல் நேர்ந்த விபத்துகளில் இவற்றின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 விழுக்காடு. எஞ்சின் செயலிழப்பும் பறக்கையில் கட்டுப்பாட்டை இழத்தலுமே தலையாய வகைகள். அதிலும் வானூர்தியின் வாழ்நாளில் தொடக்கக் காலப் பறத்தல்களிலேயே விபத்துகள் குவிகின்றன. அந்த வாரியம் முன்வைத்த பரிந்துரைகளுள் ஒன்று, எரிபொருள் அமைப்புக்கென்று செயல்முறைச் சோதனை ஒன்றை வரையறுத்து, சான்றிதழ் கேட்போர் அதை நடத்தி அறிக்கை தர வேண்டும் என்பது. ஒரு நாட்டின் விபத்துப் புலனாய்வு அமைப்பு கேட்கும் அளவீட்டை நம் மதிப்பீட்டுக் குழு மெக்கானிக் வேலை என்கிறது. அப்படியாயின் அந்த வாரியத்தில் இருப்போரும் மெக்கானிக்குகள்தாம் போலும். அதில் இழிவு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்பொருளில் என் சண்டை கல்வியாளர்களோடு மட்டுமன்று. இரண்டு மூடநம்பிக்கைகள் இதைச் சூழ்ந்திருக்கின்றன. ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றினாலும் இரண்டும் சிந்திப்பதிலிருந்து விடுதலை தருபவை.

முதலாவது, 'வானூர்தித் தரம்' என்ற மந்திரம். விலையுயர்ந்த, சான்று பெற்ற உறுப்பை வாங்கிப் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது. சான்று என்பது குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட சோதனையைத் தாண்டியதற்கான சாட்சி. நீங்கள் அதைக் கொண்டுபோய்ப் பூட்டும் இடத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. 2008 ஜனவரி 17 அன்று லண்டன் ஹீத்ரோவில் தரையிறங்க வந்த போயிங் 777 ஒன்றின் இரண்டு எஞ்சின்களும் கடைசிக் கட்டத்தில் கேட்ட விசையைத் தரவில்லை. வானூர்தி ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. 152 பேர் இருந்தனர். நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. புலனாய்வில் தெரிந்தது என்ன? எரிபொருள் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே இருந்தது. அதில் இயல்பாகக் கரைந்திருந்த சிறிதளவு நீர் நீண்ட குளிர்ப் பயணத்தில் பனியாகிக் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கிறது. தரையிறங்குகையில் ஓட்டம் கூடியபோது அது மொத்தமாகக் கழன்று வந்து, எரிபொருளைச் சூடாக்கும் வெப்பமாற்றியின் முகப்பை அடைத்திருக்கிறது. ஒவ்வோர் உறுப்பும் சான்று பெற்றதுதான். அடைப்பு பிறந்தது உறுப்புகளுக்கு இடையிலுள்ள உறவில். குழாயில் தேங்கியதைக் குறுகிய வாய் ஒன்று பிடித்துக்கொண்டது. வடிகட்டி என்பதும் அத்தகைய ஒரு குறுகிய வாய்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அதற்கு நேரெதிரான 'ஜுகாட்' வழிபாடு. நம் மேலாண்மைப் பள்ளிகளும் ஊடகங்களும் சேர்ந்து வளர்த்த பிள்ளை இது. கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றுவதே இந்திய மேதைமை. கார் உதிரிபாகக் கடையில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் வடிகட்டிக்கு வானூர்திக் கடையில் ஏன் பல மடங்கு கொடுக்க வேண்டும். எரிபொருளுக்கு விலைச்சீட்டுப் படிக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். கேள்வி சாமர்த்தியமானது. எரிபொருளுக்கு விலைச்சீட்டுப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வேதியியலையும் அது மிக நன்றாகப் படிக்கும். உள்ளே எரிபொருள் தளும்புவது தெரியும் கண்ணாடி வடிகட்டி இருக்கிறதே, அது பார்க்க அழகானது. எஞ்சின் அறையின் அதிர்விலும் வெப்பத்திலும் கண்ணாடி விரிசல் விட்டாலோ, இறுக்கு வளையம் தளர்ந்தாலோ, சூடான புகைபோக்கியின் மேல் பெட்ரோல் சொட்டும். நெகிழி உறை கொண்டது தீயில் உருகும். காகித மடிப்பு கொண்டது நீர்பட்டால் ஊதி வழியை அடைக்கும். காரில் இவற்றால் நேர்வது சாலையோரத்தில் ஒரு மணி நேரக் காத்திருப்பு. வானத்தில் சாலையோரம் கிடையாது.

இவ்விரண்டுக்கும் நடுவே நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் ஒரு பிழையான உள்ளுணர்வைச் சொல்ல வேண்டும். நுண்ணிய வடிகட்டி நல்லது, மிக நுண்ணியது மிக நல்லது என்பதே அது. குடிநீர் வடிகட்டி விளம்பரங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் போலும். எரிபொருள் வடிகட்டி முதலில் ஒரு தடை, பிறகுதான் காவல். அமெரிக்கச் சிறு வானூர்தி விதிகளின் பழைய வடிவம், கலனின் வாயில் வைக்கும் வலைக்கு ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்கள் இருக்க வேண்டும் என்று கேட்டது. 8 கண் வலையில் கடுகு தடையின்றி நுழைந்துவிடும்! அவ்வளவு பருமனான வலையை ஏன் விதித்தார்கள்? அந்த இடத்தில் அடைப்பு நேர்ந்தால் மாற்றுவழியே கிடையாது என்பதால்தான். கலனுக்குள் உதிர்ந்த பெரிய துண்டுகளைப் பிடிப்பது மட்டுமே அதன் பணி. மேலும் அந்த வலையின் திறந்த பரப்பு, வெளியேறும் குழாயின் குறுக்குப் பரப்பைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். சோதிக்கவும் துப்புரவு செய்யவும் கைக்கு எட்ட வேண்டும். 2017-இல் அவ்விதிகள் எண்களை விடுத்துப் பொதுநோக்கங்களைச் சொல்லும் வடிவுக்கு மாற்றி எழுதப்பட்டன. தன்னாக்க வானூர்தியை அவை அப்போதும் கட்டுப்படுத்தவில்லை, இப்போதும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பழைய எண்களுக்குப் பின்னால் இருந்த விபத்துகளின் நினைவு காலாவதியாகிவிடாது.

நுண்மை தேவைப்படும் இடம் வேறு. உலகெங்கும் சிறு வானூர்திகளில் பரவலாகப் பூட்டப்படும் ரோட்டாக்ஸ் 912 வகைக் கார்புரேட்டர் எஞ்சினுக்கு, கலனுக்கும் பம்புக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் கண்ணுள்ள வடிகட்டியை உற்பத்தியாளர் கேட்கிறார். அதாவது 100 மைக்ரான். ஊசித்துளைகளால் எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு 10 மைக்ரான் அளவில் தேவைப்படும். ஆனால் அந்த நுண்வடிகட்டியைப் பம்புக்குப் பின்னால், அழுத்தம் மிகுந்த பக்கத்தில் வைக்க வேண்டும். பம்புக்கு முன்னால் பருமனான வலை போதும். இந்த முன்பின் வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் இப்பொருளின் நெஞ்சம்.

பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் குழாயினுள் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. அங்கே நுண்வடிகட்டியை வைத்தால் இன்னும் குறையும். திரவம் ஒன்றின் அழுத்தம் அதன் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் அது குழாய்க்குள்ளேயே கொதிக்கும். பம்ப் திரவத்தை எதிர்பார்க்கிறது, குமிழியைப் பெறுகிறது, குமிழியை அதனால் தள்ள முடியாது. எஞ்சின் நின்றுவிடும். வானூர்திப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 37.8 பாகை செல்சியஸில் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்று தரவிதி கட்டுப்படுத்துவது இதற்காகத்தான். கார்ப் பெட்ரோல் அவ்வளவு அடக்கமானதன்று. உயரம் கூடக் கூடச் சுற்றழுத்தமும் குறைகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ தரையிறங்கி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரம் தேநீர் அருந்திவிட்டு மீண்டும் கிளம்பும் ஒரு விமானியை எண்ணிப் பாருங்கள். அணைத்த எஞ்சினின் வெப்பம் மூடிய அறைக்குள் ஏறிக் குழாய்களை வேகவைத்திருக்கும். எஞ்சின் இயங்கும், ஓடுபாதை வரை வரும், முழு விசை கேட்கும்போது கைவிடும். இதற்கு மருந்து தெரிந்ததே. மின்பம்பைக் கலனுக்கு அருகில், தாழ்வான இடத்தில் வைத்து, இழுக்காமல் தள்ளச் செய்வது. குழாயை வெப்பத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோவது. குமிழிகள் கலனுக்கே திரும்ப ஒரு சிறு மீள்குழாய் அமைப்பது. ஆனால் நம் வரைபடத்தின் கோட்டில் இவற்றுள் எதற்கும் இடமில்லை.

இப்போது அந்த மாணவியின் முன்மொழிவு. அவர் எத்தனாலைப் பற்றிக் கேட்டார் என்பது தற்செயலன்று. 2023 முதல் நம் நாட்டில் இ20 பெட்ரோல், அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, படிப்படியாகப் பரவி, இன்று சாதாரணப் பெட்ரோல் நிலையத்தில் பொதுவாகக் கிடைப்பதே அதுதான் என்றாகியிருக்கிறது. ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு உற்பத்தியாளர் ஒப்புக்கொண்ட மேல்வரம்பு 10 விழுக்காடு. வானூர்திப் பெட்ரோலை 2022-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா ஆலையில் உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் அது தெருமுனையில் கிடைக்கும் பொருளன்று. ஆகவே இந்த நாட்டில் சிறு வானூர்தி கட்டுகிறவர், கையிலுள்ள குழாய்க்கும் கலனுக்கும் பொருந்தாத எரிபொருளை நோக்கித் தள்ளப்படுகிறார்.

எத்தனால் என்ன செய்யும்? சில ரப்பர்களை ஊதச் செய்யும். ஊதியது உலர்ந்தால் வெடிப்பு விடும். சில பிசின்களால் கட்டிய கண்ணாடியிழைக் கலன்களின் உட்சுவரை இளக்கி, பசைபோன்ற கசடாகக் கொண்டுவந்து வடிகட்டியில் அப்பும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பெட்ரோலில் குறைந்த அளவில் கலக்கும்போது கலவையின் ஆவியழுத்தத்தையும் உயர்த்தும். இவற்றைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. வானூர்திகளில் தாழ்ந்த இடத்தில் கேஸ்கோலேட்டர் என்ற சிறு கிண்ணம் இருக்கும். பெட்ரோலைவிடக் கனமான நீர் அதில் தங்கும். பறப்பதற்கு முன் திருகைத் திறந்து சிறிது வடித்து, கண்ணாடிக் குப்பியில் நீர் தெரிகிறதா என்று விமானி பார்ப்பார். தலைமுறைகளாகப் பழகிவந்த சடங்கு இது. எத்தனால் கலந்த எரிபொருளில் நீர் கரைந்து மறைந்திருக்கும்; குப்பி தெளிவாகவே இருக்கும். அளவு மிஞ்சி, வெப்பநிலை குறையும்போது, எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் தொடங்குவதும் அந்த அடியில்தான். நேற்றுவரை நம்மைக் காத்த சோதனை இன்று நம்மை ஏமாற்றும் சோதனையாகிவிட்டது. இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களே, இங்கேதான் இருக்கிறது. எந்த ரப்பர், எத்தனை மாதத்தில், எவ்வளவு ஊதி, உள்விட்டத்தை எவ்வளவு குறைக்கிறது? நம் நாட்டு வெப்பத்தில், நம் நாட்டு எரிபொருளில் அந்த அளவீடு வேண்டும். ஆஸ்திரியாவில் இருக்கும் எஞ்சின் நிறுவனம் நமக்காக அதைச் செய்து தராது.

குழாயின் பொருளைப் பற்றிச் சிறிது. நைட்ரைல் ரப்பர் மலிவானது, வயதாகும். ரோட்டாக்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ரப்பர் குழாய்களையும் மாற்றச் சொல்கிறது. பளபளப்பாக இருக்கிறதே என்று விட்டுவைக்கும் உரிமை நமக்கில்லை. டெஃப்லான் உட்சுவர் கொண்ட, மேலே எஃகுப் பின்னல் போர்த்திய குழாய் எத்தனாலுக்கு அஞ்சாது. ஆனால் அதற்கும் குணக்கேடு உண்டு: வளைந்த வடிவில் சில காலம் இருந்துவிட்டால் அந்த வடிவிலேயே நின்றுவிடும், பராமரிப்பின்போது கழற்றி நேராக்க முயன்றால் உள்ளே மடிந்து விரிசல் விடும். எரிபொருள் ஓட்டத்தால் எழும் நிலைமின்னைக் கடத்திவிடக் கரிகலந்த உட்சுவர் வேண்டும். இல்லையேல் நுண்துளைகள் விழலாம். தீச்சுவருக்கு முன்னால், எஞ்சின் அறையில் செல்லும் குழாய்க்குத் தீயுறை கட்டாயம் என்பேன். தீ எதிர்ப்புக் குழாய்க்கான சோதனை 1093 பாகை செல்சியஸ் சுடரில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம், கீழே ஒரு வயலைத் தேடி இறங்குவதற்கான ஐந்து நிமிடம்.

இணைப்புகளில் ஒரு சிறு செய்தி. வானூர்தி இணைப்புகளுக்குக் குழாயின் வாயை 37 பாகையில் விரிக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும், குளிர்சாதனம் பழுதுபார்ப்போர் கையாளும் கருவி 45 பாகையில் விரிக்கும். இரண்டையும் சேர்த்து முடுக்கினால் இறுகியதுபோலவே தோன்றும். கசிவுச் சோதனையைக்கூட ஒருமுறை தாண்டிவிடும். ஆனால் பரப்பும் பரப்பும் பொருந்த வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய வட்டக்கோடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். சில மணி நேர அதிர்வு போதும். எட்டுப் பாகை வேறுபாடு. எந்த ஆய்விதழும் இதை வெளியிடாது. எந்தப் பட்டறைத் தொழிலாளியும் ஒருமுறை சொன்னால் மறக்கமாட்டார். அதேபோல், புதிதாக ஒட்டிய ரப்பர் குழாய்க்குள் இணைப்பைத் திருகும்போது ரப்பர் சீவப்பட்டு ஒரு நாக்குபோல் உள்ளே தொங்கும். ஒரு திசையில் ஊதினால் காற்றுப் போகும். மறுதிசையில் கதவுபோல் மூடிக்கொள்ளும். குழாய்க்குள் சிறு உலோக உருண்டை ஒன்றை உருட்டிப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது. திருகுமரைகளில் டெஃப்லான் நாடா சுற்றுவோரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதன் நூல்கள் வடிகட்டியில் சேர்ந்து தாமே சொல்லிக்கொள்ளும்.

குழாய் எங்கே செல்கிறது என்பதும் தேர்வின் பகுதியே என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு லாங்-ஈஸி தன்னாக்க வானூர்தியோடு விழுந்து இறந்தார். பர்ட் ருட்டானின் மூல வரைபடத்தில் எரிபொருள் தேர்வு வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அந்த வானூர்தியைக் கட்டியவர் (டென்வர் அதைப் பின்னர் வாங்கியவர்) வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். எரிபொருள் குழாய்கள் விமானியின் அறைக்குள் வரக் கூடாது என்ற எண்ணம். தீப்பாதுகாப்பு நோக்கில் மதிக்கத்தக்க எண்ணமும்கூட. ஆனால் கலன் மாற்ற வேண்டிய நேரத்தில் விமானி உடலைத் திருப்பிப் பின்னால் கை நீட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு முயல்கையில் அறியாமல் வலப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்திக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று புலனாய்வு முடிவு கண்டது. எட்டாத இடத்தில், குறியீடு ஏதுமின்றி வால்வை வைத்த கட்டுநரின் முடிவும், அவ்வகை வானூர்தியில் விமானிக்குப் போதிய பயிற்சி இல்லாமையும் துணைக்காரணங்களாகச் சொல்லப்பட்டன. வரைபடத்தில் அந்த மாற்றம் எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு கோடு சற்று இடம் பெயர்ந்திருக்கும், அவ்வளவே.

சோதனை கடினமானது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. வானூர்தியை, அது ஏறக்கூடிய மிகச் சாய்வான கோணத்துக்கும் சற்றுக் கூடுதலாக, மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள். கலனில் குறைந்த அளவே எரிபொருள் ஊற்றுங்கள். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி ஓர் அளவுக்கலத்தில் விடுங்கள். வால்வு, வடிகட்டி எல்லாம் பூட்டிய நிலையிலேயே இருக்கட்டும். ஒரு கடிகாரம் போதும். புவியீர்ப்பு அமைப்பு என்றால் புறப்படும் நேரத் தேவையில் 150 விழுக்காடு, பம்ப் அமைப்பு என்றால் 125 விழுக்காடு வர வேண்டும் என்பது பழைய விதி சொல்லும் அளவு. மேலே சொன்ன எஞ்சினுக்குப் புவியீர்ப்பில் நிமிடத்துக்கு 675 மில்லிலிட்டர். வரவில்லை என்றால் பறக்கக் கூடாது. வந்தாலும், முதல் சில பறத்தல்கள் ஒவ்வொன்றுக்கும் பின் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். துளையிட்டபோது விழுந்த அலுமினியச் சுருளும், அறுத்த கண்ணாடியிழைத் தூளும், காய்ந்த பசைத் துணுக்கும் கலனின் மூலைகளிலிருந்து கிளம்பி வருவது அப்போதுதான்.

மாணவர்களுக்கு ஒன்று. இந்தப் பருவத்தில் வடிவமைப்புப் பாடம் எடுத்திருப்போர், உங்கள் அறிக்கையின் அந்தக் கோட்டின் மேல் உள்விட்டம், நீளம், பொருள், மூக்கு உயர்ந்த நிலையில் எஞ்சும் அழுத்தம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கு உள்ள கோரிக்கை அதைவிட எளியது: அவை இல்லாத அறிக்கைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

அந்த மாணவி தம் முன்மொழிவை வேறொரு துறைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார். நைட்ரைல், விட்டான் குழாய்களை இ20 எரிபொருளில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்து அளந்த தரவு எவரிடமேனும் இருந்தால், அது வாகனத் துறைத் தரவாக இருந்தாலும் சரி, பின்னூட்டத்தில் தெரிவியுங்கள், அவரிடம் சேர்ப்பித்துவிடுகிறேன். பழைய மைக்ரோலைட்டுகளிலிருந்து கழற்றிய குழாய்த் துண்டுகளை எறியாமல் வைத்திருப்போர் இருந்தால் இன்னும் நல்லது. அஞ்சல் செலவை நானே ஏற்கிறேன்.